காந்தமும் இரும்பும்

உயிர்கள் இறைவன் சந்நிதியில் தொழிற்படுதற்குக் காந்தத்தைக் கண்ட இரும்பை உவமையாக்கிற்று சிவஞானபோதம் ஐந்தாஞ் சூத்திரம். அற்றேல், அக்காந்தம் செம்பை விடுத்து இரும்பை ஈர்ப்பது என்னை?

எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு நுண்காந்தமே. செம்பணுவில் அவை பெரும்பாலும் எதிரெதிராய் இணைந்து ஆற்றல் அடங்கிக் கிடக்கின்றன. இரும்பணுவிலோ இணையற்றன சில உள. அவை அயலணுக்களில் உள்ளவற்றோடு ஒரு திசை நோக்கிக் கூட்டங் கூட்டமாய் நிற்கும். இவ்வொருமைப்பாட்டின் காரணத்தை 1928-இல் ஹைசன்பர்க் விளக்கினார். கூட்டங்கள் பல திசை நோக்குதலின் வெற்றிரும்பு காந்தமாய்த் தோன்றாது. காந்தம் அணுகியவழி அவை ஒருமுகப்படும். நிக்கலும் கோபால்ட்டும் அத்தகையனவே. இரும்பைச் சென்டிகிரேடு 770 பாகைக்கு மேற் காய்ச்சினால் அவ்வொழுங்கு குலையும்.

ஆகவே காந்தம் இரும்பில் இல்லதொன்றைப் புகுத்துவதன்று. உள்ளதனையே விளங்கச் செய்கின்றது. உயிரறிவு அருளால் விளங்கும் என்னும் நம் கொள்கைக்கு இஃது இயைவதே.

இடர்ப்பாடு வேறோரிடத்தது. காந்தம் இரும்பை இழுக்கும் அளவே இரும்பும் காந்தத்தை இழுக்கின்றது, இறைவனோ விகாரமிலன். ஒருபுடை உவமை என்று கடத்தல் எளிது. யாமும் பலகால் அங்ஙனமே கடந்தேம். பெருங்காந்தம் நிற்க ஊசி ஓடுவது காந்தத்தின் கனத்தாலேயன்றி, அஃது இழுக்கப்படாமையால் அன்று. எனவே சந்நிதியால் தொழில் நிகழும் என்னுமளவிலே இவ்வுவமையை நிறுத்தல் வேண்டும். விகாரமின்மைக்கு ஞாயிறும் தாமரையுமே ஏற்ற உவமை. ஞாயிறும் எரிந்து குறைவதே என்பார்க்கு விடை பிறிதொருகால் கூறுவாம்.