சோதனையின் விலையும் அறத்தின் கோரிக்கையும்

1877ஆம் ஆண்டில் ஆங்கிலக் கணிதவியலாளர் வில்லியம் கிளிபர்ட், நம்பிக்கையின் அறவியல் பற்றிய தமது கட்டுரையில் ஒரு கப்பற்சொந்தக்காரனைப் படைத்துக் காட்டினார். அவனுடைய கப்பல் பழையது, பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. குடிபெயர்வோரை ஏற்றிச் செல்லவிருக்கும் அக்கப்பலை முற்றாகச் சோதித்துச் சீர்செய்தல் வேண்டுமோ என்னும் ஐயம் அவனுக்கு எழுகின்றது. ஆயின், அதற்குப் பெருஞ்செலவாகும். எத்தனையோ புயல்களைக் கடந்து மீண்ட கப்பலன்றோ எனத் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, மனச்சாந்தியோடு அதனை வழியனுப்பி வைக்கின்றான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகின்றது. கிளிபர்ட்டின் தீர்ப்பு யாதெனின், அது பாதுகாப்பாகக் கரைசேர்ந்திருப்பினும் அவனுடைய குற்றம் சிறிதும் குறையாது என்பதே. அவன் கொண்ட நம்பிக்கை உண்மையாயிற்றா என்பதன்று, அதனைக் கொள்ள அவனுக்கு உரிமை இருந்ததா என்பதே வினா.

இக்கதையைப் படிப்போர் பெரும்பாலும் நம்பிக்கையைப் பற்றியே வாதிடுவர். செலவைப் பற்றி வாதிடுவோர் அரியர். ஆனால், அவனை வழிதவறச் செய்தது செலவே. இன்றைய பெருவிஞ்ஞானத்தில் அதே வினா வேறொரு கோலத்தில் எழுகின்றது. பல நாடுகளின் பொதுப்பணத்தால் அமைக்கப்படும் ஆராய்ச்சிக் கருவி ஒன்றில், கண்டுபிடிப்பு எதனையும் நேரே தராத சோதனைகளுக்காக எவ்வளவு செலவிடல் தகும்? சோதனை வெற்றியாயின் புதிதாக எதுவுங் கிடைத்ததாகத் தோன்றாது. தோல்வியாயின் அவமானமும் தாமதமுமே மிஞ்சும். நிதி குறுகும்போது முதலில் வெட்டப்படுவது இச்செலவாக இருப்பதில் வியப்பில்லை.

துணிக்கைப் பௌதிகவியலின் உணர்கருவிகளுக்கான குளிரூட்டல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். துணிக்கைகளின் பாதையைத் துல்லியமாகப் பதிவு செய்யும் சிலிக்கன் தகடுகள் கதிர்த்தாக்கத்தால் நாளடைவிற் பழுதுறுகின்றன. பழுதுற்ற சிலிக்கனிற் கசிவு மின்னோட்டம் மிகும். வெப்பநிலை ஏறத்தாழ ஏழு பாகை செல்சியசு உயருந்தோறும் அது இரட்டிக்கும். மின்னோட்டம் வெப்பத்தை விளைவிக்க, வெப்பம் மேலும் மின்னோட்டத்தை வளர்க்க, கட்டுக்கடங்காத நிலை தோன்றும். எனவே, இத்தகடுகள் உறைநிலைக்கு மிகக் கீழே பேணப்படல் வேண்டும். அதற்கென நுண்ணிய குழாய்கள் கருவியின் உட்கூடெங்கும் பதிக்கப்படுகின்றன. கருவி மூடப்பட்ட பின்னர் அக்குழாய்களை மனிதக் கை எளிதில் அணுகவியலாது. அறிஞரின் புகழ் சிலிக்கனைச் சாரும். குழாயைப் பாராட்டுவார் இலர்.

குளிர்பொருள் பற்றியும் ஒரு சொல். ஜெனீவாவிலுள்ள சேர்ன் நிறுவனத்தின் அட்லசு கருவி, உள்ளகக் குளிரூட்டலுக்குப் புளோரோகாபன் ஒன்றைக் கைக்கொண்டது. புவியை வெப்பமாக்குவதில் அது காபனீரொட்சைட்டைவிட ஏறக்குறைய ஒன்பதாயிரம் மடங்கு வலிமையுடையது. காபனீரொட்சைட்டோ மறைவெப்பம் மிக்கது. மெல்லிய குழாயிலும் ஓடவல்லது. ஆனால், பல பத்து வளிமண்டல அமுக்கத்தில் அதனைப் பேணவேண்டியிருத்தலால் ஒவ்வோர் இணைப்பும் சோதனைக்குரியதாகின்றது. எல்.எச்.சி. ஆர்முடுக்கியின் உணர்கருவிகளுக்கென அமைக்கப்பட்ட புதிய உள்ளகங்கள் இவ்வழியையே தேர்ந்துள்ளன.

சோதனையின் அறவியலை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுவது அல்பா காந்த நிறமாலைமானி என்னும் கருவியின் வரலாறாகும். நோபெல் பரிசு பெற்ற சாமுவேல் ரிங் தலைமையில், எதிர்ப்பொருளையும் அண்டக்கதிர்களையும் ஆராயவென அது திட்டமிடப்பட்டது. அதன் முன்மாதிரி 1998இல் ஒரு நிலைக்காந்தத்துடன் விண்வெளி ஓடத்திற் பறந்து மீண்டது. சர்வதேச விண்வெளி நிலையத்திற் பொருத்தப்படவிருந்த பெருங்கருவிக்கோ வலிமை மிக்க மீகடத்து காந்தம் ஒன்று பல்லாண்டு உழைப்பில் உருவாக்கப்பட்டது. அதனை 1.8 கெல்வினிற் பேணுவதற்கு மீப்பாய்ம ஈலியம் வேண்டும். ஈலியம் தீர்ந்தால் காந்தமும் ஓயும்.

2010இன் தொடக்கத்தில் அக்கருவி நெதர்லாந்தின் நோர்ட்விக் நகரில், விண்வெளி நிலைமைகளைப் போலிசெய்யும் பெரிய வெற்றிட அறையிற் சோதிக்கப்பட்டது. எதிர்பார்க்கப்பட்ட மூன்றாண்டுகளுக்கு ஈலியம் நின்றுபிடியாது என்பது அங்குப் புலனாயிற்று. அதே வேளையில், நிலையத்தின் ஆயுளை 2015இலிருந்து 2020 வரையேனும் நீடிக்கும் யோசனையும் வெளிவந்தது. ஏவுதலுக்குச் சில மாதங்களே எஞ்சியிருந்த நிலையில் மீகடத்து காந்தம் அகற்றப்பட்டு, 1998இற் பறந்த பழைய நிலைக்காந்தமே மீண்டும் பொருத்தப்பட்டது. அதன் புலம் ஏறத்தாழ ஐந்து மடங்கு நலிந்தது. அவ்விழப்பை ஈடுசெய்யச் சிலிக்கன் தளங்கள் மேலும் கீழுமாக விலக்கி வைக்கப்பட்டன. 2011 மே 16ஆந் திகதி எண்டெவர் ஓடம் அதனைச் சுமந்து சென்றது.

இம்முடிவு சரியானதா என்பது பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. பல்லாண்டு உழைப்பு ஒரே சோதனையால் ஒதுக்கப்பட்டமை சிலருக்கு வீண்விரயமாகவே தோன்றியிருத்தல் கூடும். பயன்வாதியின் கணக்கில், அச்சோதனை முன்னரே நிகழ்ந்திருப்பின் இழப்புக் குறைந்திருக்கும் என்பதும் மெய்யே. எனினும் ஈண்டு நோக்கத்தக்கது வேறொன்று. 'இல்லை' என்னும் விடையைக் கேட்கும் ஆற்றல் அச்சோதனையை நடத்தியோருக்கு இருந்தது. அவ்வாற்றல் அவர்களுடைய மனத்திண்மையிலிருந்து மாத்திரம் வந்ததன்று. மாற்றுக் காந்தம் ஒன்று கைவசம் இருந்தமையிலிருந்தும் வந்தது. மாற்று வழியும், அதற்குரிய பணமும் காலமும் இல்லாதிருந்தால், வெற்றிட அறையின் அளவீடுகளை வேறுவிதமாக வாசிக்கும் சோதனை எவருக்குந்தான் ஏற்படாது? கிளிபர்ட்டின் கப்பற்காரனும் வேறொரு கப்பல் வைத்திருந்தால் தன் ஐயத்தை அத்துணை விரைவில் அடக்கியிருக்கமாட்டான்.

ஆகவே, சோதனைக்கு நிதி ஒதுக்குதல் என்பது சோதனை நிகழும் நாட்களின் கூலியையும் மின்சாரத்தையும் கொடுத்தல் மாத்திரமன்று. அது தோல்வியுறுமாயின் செய்யவேண்டியதற்கும் ஒதுக்குதல் என்பதே அதன் முழுப்பொருள். தோற்றால் என்செய்வதென எண்ணாமல் நிதி வழங்கப்பட்ட சோதனை, சோதனையன்று, சடங்கு. சடங்கு எப்போதும் வெற்றியிலேயே முடியும். அதில் நேர்மையான பொறியியலாளரும் வெற்றியையே காண நிர்ப்பந்திக்கப்படுவார். அவரைக் குற்றஞ்சாட்டுவதற்கு முன்னர் நிதிக்குழுவின் மேசையை நோக்குதல் முறையாகும்.

உணர்கருவியை விடுத்து ஆர்முடுக்கியை நோக்கினும் இதுவே தெரியவரும். 2008 செப்டெம்பர் 10ஆந் திகதி எல்.எச்.சி. உலகப் பத்திரிகையாளர் முன்னிலையில் இயங்கத் தொடங்கியபோது, அதன் ஒரு பகுதியின் காந்தச் சுற்றை 9.3 கிலோ அம்பியர் வரை உயர்த்தும் இறுதிச் சோதனை எஞ்சியிருந்தது. ஒன்பது நாட்களின் பின்னர் அச்சோதனை நடைபெற்ற வேளையில், 8.7 கிலோ அம்பியரில் ஓர் இணைப்பு உருகியது. ஏறத்தாழ ஆறு தொன் ஈலியம் வெளியேறியது. அமுக்கத்தை விடுவிக்கும் வால்வுகள் அத்துணை வேகத்தை எதிர்பார்த்து அமைக்கப்பட்டவை அல்ல. ஐம்பத்து மூன்று காந்தங்கள் சுரங்கத்திலிருந்து மேலே கொணரப்பட்டன. 2009 நவம்பர் வரை பணி தடைப்பட்டது. சோதனை தன் கடமையைச் செய்தது. அத்தகைய தோல்விக்குரிய இடந்தான் முன்கூட்டி அமைக்கப்படவில்லை.

இதற்கு எதிராகவும் ஒரு நியாயம் உண்டு. சோதனைக்கு எல்லை இல்லையெனில் எக்கருவியும் ஏவப்படாது. ஏழைகளின் வரிப்பணத்திற் கட்டப்பட்ட கருவி களஞ்சியத்திலேயே முதுமையடையும். இது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. மேலும், எந்தச் சோதனையும் தன்னிடம் கேட்கப்பட்ட வினாவுக்கே விடை தரும். நிறமாலைமானியின் சிலிக்கன் தளங்களைக் குளிரச் செய்த காபனீரொட்சைட்டுப் பம்பிகள் நான்கு. ஒன்றே போதுமாயினும் நான்கு வைக்கப்பட்டிருந்தன. திட்டமிடப்பட்டதோ மூன்றாண்டுப் பணி. 2014 முதல் அவை ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்தன. பழைய காந்தத்தைத் தேர்வதற்குக் காரணமாயிருந்த அதே ஆயுள் நீடிப்பே, பம்பிகளை அவற்றின் தவணைக்கு அப்பாலும் உழைக்கச் செய்தது. ஒரு முடிவு ஒரு குறையை நீக்குகையில் வேறொரு வினாவைத் திறந்துவிடுகின்றது. அதனைக் கேட்கவேண்டியவர் சோதித்தவரா, நீடித்தவரா என்பது எளிதில் தீராத பொறுப்புத்தகராறு. நீடித்தவர் மீதே அது கூடுதலாகச் சாரும் எனல் தகும். ஏனெனில், சோதித்தவர் தமக்கு இடப்பட்ட தவணைக்கு உண்மையாயிருந்தனர்.

அக்கருவி விண்வெளியிற் பழுதுபார்க்கப்படுமென எண்ணி அமைக்கப்பட்டதன்று. எனினும், புதிய ஆயுதங்கள் ஆக்கப்பட்டு, லூக்கா பர்மிட்டானோ, அன்ட்ரூ மோர்கன் என்னும் விண்வெளி வீரர் இருவரும் 2019 நவம்பர் முதல் நான்கு முறை நிலையத்துக்கு வெளியே சென்று, குழாய்களை அறுத்துப் புதிய பம்பித் தொகுதியைப் பொருத்தினர். நான்காவது பயணம் 2020 சனவரி 25ஆந் திகதி நிகழ்ந்தது. புதிய இணைப்புகளிற் கசிவு உண்டா எனப் பார்ப்பதே அதன் முக்கிய வேலை. ஒரு குழாயிற் கசிவு காணப்பட்டது. பர்மிட்டானோ அவ்விணைப்பை இறுக்கினார், காத்திருந்து பார்த்தபோது கசிவு நிற்கவில்லை, மீண்டும் இறுக்கினார். அந்நாளின் வேலைத்திட்டத்தில் அதற்கும் நேரம் இருந்தது.