தேய்மானக் கணக்கு

நௌம் காபோ 1919–20இல் செய்த ஒரு சிற்பம்: அடியில் மோட்டார், மேலே ஒற்றை எஃகுக் கம்பி. அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டால் கம்பி அதிர்ந்து காற்றில் ஓர் அலை நிற்கும். அணைத்தால் மறுபடி வெறும் கம்பி. லண்டன் டேட் கலைக்கூடத்தில் இருப்பது 1985இல் செய்த மறு உருவம். கம்பி மாறினாலும் அலை அதே அலைதான். ஓட்டினால்தான் அது சிற்பம். ஓட்ட ஓட்டத் தேயும்.

*

பிரஷ் வைத்த பழைய மோட்டாரைத் திறந்தால் கையில் முதலில் ஒட்டுவது கரித்தூள். சுழலும் செம்பில் உரசி உரசி, விரல் நுனியளவு கார்பன் கட்டை நகக்கண் அளவுக்குக் குறுகியிருக்கும். ஏரிக்கு வண்டல் எப்படியோ, மோட்டாருக்கு இந்தத் தூள் அப்படி. ஓடியதற்கு அதுதான் சாட்சி, ஓட்டத்துக்கு அதுதான் தடை.

*

ஜான் டிங்லி 1960இல் நியூயார்க்கில் ஓர் இயந்திரத்தைத் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்து காட்டியவர். பாசெல் நகரில் 1996இல் திறந்த அவருடைய அருங்காட்சியகத்திலோ, மற்ற இயந்திரங்களைச் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதே வேலை. பொத்தானை மிதித்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு ஓய்வு. ஓடாமல் நிற்கும் நேரமும் பராமரிப்புதான்.

*

உத்திரமேரூர்ப் பக்கம் பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டக் கொண்டுபோவார்கள். பழைய செம்புக் கம்பியை உருவி, புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தால் தீர்ந்தது. தண்ணீர் வந்தால் போதும், உள்ளே எந்தக் கம்பி என்று யாரும் கேட்பதில்லை. அருங்காட்சியகத்தில் அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. மோட்டாரின் இரைச்சலும் படைப்பில் சேர்த்தி என்றால், சத்தமில்லாத புது மோட்டார் பழுதுபார்ப்பா, திருத்தமா?

*

அதே உத்திரமேரூரின் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகளை (919, 921) எல்லோரும் தேர்தலுக்காகப் படிக்கிறோம். குடவோலையில் பெயர் வந்தவர்கள் போய் என்ன செய்தார்கள்? ஆறு பேர் ஏரி வாரியத்தில் அமர்ந்தார்கள். 360 நாள் பொறுப்பு, பிறகு இறங்கிவிட வேண்டும். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரின் பெயர் மட்டுமல்ல, உறவினர் பெயரும் குடத்தில் விழாது. அதற்கும் முந்தைய பல்லவர் காலத்திலேயே இவ்வூர் ஏரியைத் தூர் வாரப் பொன் கொடுத்திருக்கிறார்கள். வெட்டியவன் பெயரோடு ஏரி முடிந்துவிடுவதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

*

அருங்காட்சியகத்தில் சிற்பத்தின் பக்கத்துப் பலகையில் கலைஞர் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. எந்த ஆண்டு பெல்ட் மாறியது, எப்போது காயில் கட்டியது, யார் கட்டியது என்பதையும் அங்கேயே எழுதலாம். பார்க்க வருகிறவர் படிக்கட்டும். பழுதுபார்த்தவர் கணக்குக் காட்டுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.