அழகர் வரும் தூரம்



21 கிலோமீட்டர் எவ்வளவு தூரம் என்று மதுரைக்காரர்களுக்கு அளந்து காட்ட வேண்டியதில்லை. நகரிலிருந்து அழகர்கோவில் வரை. அரை மாரத்தானும் ஏறக்குறைய அதே தூரம்தான். கணக்காகச் சொன்னால் 21 கிலோமீட்டரும் 97 மீட்டர் சொச்சமும். 1908-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டரே பிற்பாடு முழு மாரத்தானின் அளவாக நிலைத்தது. அதில் சரிபாதி இது.

என் 44-ஆவது வயதில் இந்தத் தூரத்தை முதல் முறையாக ஓடத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். துணைக்குப் பக்கத்து வீட்டு அக்கா. விடிவதற்கு முன்பே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விடுவோம். குளத்தின் ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர். ஒரு சுற்று வந்தால் ஏறத்தாழ 1,200. முதல் நாள், ஆர்வத்தில் விரட்டிக்கொண்டு ஓடினேன். இரண்டாவது சுற்றிலேயே விலாவில் பிடித்துக்கொண்டது. மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இதைப்போல் 17 சுற்றுக்கு மேல் ஓட வேண்டும் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது.

அப்போது அக்கா கேட்டார்: "ஏம்மா, அழகர் என்னைக்காவது ஓடி வந்திருக்காரா? ஆடி அசைஞ்சுதானே வர்றாரு?"

உண்மைதானே. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர்கோவில் பெருமாளான கள்ளழகர் மலையிலிருந்து மாலையில் புறப்படுகிறார். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள். அங்கங்கே நின்று, இளைப்பாறி, ராத்திரி முழுக்க வந்து, மறுநாள் காலை மூன்றுமாவடியில் மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை. இரவு தல்லாகுளம். அதற்கடுத்த விடியலில்தான் தங்கக்குதிரையில் வைகையில் இறங்குகிறார். அவர் பல்லக்கைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோள் மாற்றுவதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருவர் விலகும் முன்பே அடுத்தவரின் தோள் தண்டுக்கு அடியில் வந்திருந்தது. பல்லக்கு குலுங்கவில்லை. களைத்து விழும்வரை அங்கே யாரும் காத்திருப்பதில்லை.

அன்றோடு எங்கள் பயிற்சியை மாற்றிக்கொண்டோம். 4 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை. மூச்சு இரைக்கும் முன்பே நடந்துவிடுவோம். ஓடும்போது நேற்று வைத்த குழம்பைப் பற்றிப் பேச முடிய வேண்டும். பேச்சு அறுந்தால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். வாரத்தில் 3 நாள் சின்ன ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ஞாயிறுதோறும் 1 கிலோமீட்டர் கூட்டுவோம், நான்காவது வாரம் குறைத்துக்கொள்வோம். மூச்சு சீக்கிரம் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் இன்னும் நாள் பிடிக்கும். 3 கிலோமீட்டரில் தொடங்கி இப்போது 14-க்கு வந்திருக்கிறோம். 18 வரை போனால் போதும். கடைசி 2 வாரம் ஓட்டத்தைக் குறைத்துக் கால்களை ஆறவிட வேண்டும்.

நம்மூர் வெயிலைச் சொல்லாமல் விட முடியாது. காலை 7 மணிக்கே உடம்பு தொப்பலாகிவிடுகிறது. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கி ஆபத்தாகிவிடும். திருவிழாக் கூட்டத்துக்கு நீர்மோரும் பானகமும் கொடுத்த பெரியவர்களின் அருமை ஓடும்போதுதான் எனக்குப் புரிந்தது. உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் எங்களுக்காக மதில் ஓரத்தில் எப்போதும் இருக்கும்.

"இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்?" என்று தெருவில் கேட்கத்தான் செய்கிறார்கள். இங்கே பக்கத்தில், சக்கிமங்கலத்தில் ஆரம்மாள் பாட்டியிடமும் கேட்டார்கள், பொம்பளைப் பிள்ளையை ஏன் ஓட விடுகிறாய் என்று. தாய் தகப்பனை இழந்த பேத்தியைக் கூலி வேலை செய்து வளர்த்த அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெறுங்காலோடு ஓடத் தொடங்கிய அந்தப் பேத்தி ரேவதி வீரமணி, 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில், ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஓடும் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு நாளைக் காலை 5 மணிக்குத் தெப்பக்குளத்துக்கு வாருங்கள். ஒரே ஒரு சுற்று, நடந்தே வரலாம். நாங்கள் இருவரும் அங்கே இருப்போம்.