விளையாட்டைப் படிக்கலாமா?



சிலாவத்துறையில் ஞாயிறு பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், ஒரு தாய் நம்மிடம் வந்து நின்றார். கணவர் கடற்றொழில் செய்பவர். மூத்த மகன் உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் சித்தியடைந்திருக்கிறான். ஆனால் அந்தத் தாயின் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம்.

“சுவாமி, அவன் கம்பஸுக்குப் போய் விளையாட்டுப் படிக்கப் போறானாம். கொழும்பில காசு கட்டிப் படிக்கிற இடம் இருக்குதாம். விளையாடத்தானா சுவாமி இவ்வளவு காலமும் படிப்பிச்சனாங்கள்?” என்றார்.

பையன் படிக்க விரும்புவது கணினி விளையாட்டுகளை வடிவமைத்து உருவாக்கும் கலை. ‘வீடியோ கேம்’ என்று பிள்ளைகள் சொல்வது அதைத்தான். தாயின் கேள்வியைக் கேட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அதற்குள் இரண்டு பழைய கேள்விகள் ஒளிந்திருந்தன. விளையாட்டு என்பது மனிதன் தன் வாழ்நாளைச் செலவிடத் தகுந்த பொருளா? பிறர் விளையாடுவதற்கென ஒன்றைச் செய்து, அதனால் பிழைப்பது நேர்மையான தொழிலா? இவ்விரண்டையும் இன்று உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

முதற் கேள்விக்கு விடை தேடிப் புதிய நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் தமது ‘இறையியல் சுருக்கம்’ என்னும் பெருநூலில் இதே கேள்வியை எழுப்புகிறார். அங்கே அவர் ஒரு பழங்கதையை நினைவூட்டுகிறார். நற்செய்தியாளரான புனித அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் முகம் சுளித்தனராம். அவர்களுள் ஒருவர் கையில் வில் இருந்தது. அம்பு எய்யும்படி அருளப்பர் அவரிடம் சொன்னார். பலமுறை எய்த பின், இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா என்று கேட்டார். வில் முறிந்துவிடும் என்றார் அவர். மனமும் அத்தகையதே என்று அருளப்பர் விடையளித்தாராம்.

உடலுக்கு உறக்கம்போல உள்ளத்துக்கு விளையாட்டு வேண்டும் என்பதே தோமஸின் முடிவு. அவர் அத்தோடு நிற்கவில்லை. மக்களை மகிழ்விப்பதையே தொழிலாகக் கொண்ட கூத்தர்களைப் பற்றியும் பேசுகிறார். அத்தொழில் தன்னளவில் பாவமன்று. தகாத சொல்லும் செயலும் கலவாமல், காலமும் அளவும் அறிந்து செய்வார்களாயின் அவர்கள் நேர்மையாகவே பிழைக்கிறார்கள் என்கிறார். கூத்தருக்குச் சொன்ன இந்த நியாயம் கணினி விளையாட்டுச் செய்பவருக்கும் பொருந்தாதோ?

இனி, அந்தப் படிப்பில் என்னதான் இருக்கிறது என்று பார்ப்போம். 1997 இலேயே ஸ்கொட்லாந்தின் டண்டி நகரிலுள்ள அபர்டே பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டப்படிப்பை ஆரம்பித்துவிட்டது. பையன் அங்கே போய் விளையாடிக்கொண்டிருக்க மாட்டான். திரையில் எறியப்படும் பந்து உண்மைப் பந்துபோல விழ வேண்டுமாயின் பௌதிகம் தெரிய வேண்டும். ஓர் உருவம் திரும்பி நடக்க வேண்டுமாயின் காவிக் கணிதமும் தாயக் கணிதமும் வேண்டும். நிரல் எழுதத் தெரிய வேண்டும். சித்திரம், இசை, கதை, மனித மனத்தின் போக்கு ஆகியவற்றையும் கற்க வேண்டும். பலர் கூடிச் செய்யும் வேலையாதலால், பிறர் சொல் கேட்டுத் தன் தவறைத் திருத்தும் பணிவும் வேண்டும். இது சோம்பேறியின் படிப்பன்று என்பதைப் பெற்றோர் அறிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் சிக்கல் எங்கே?

கிளித்தட்டு விளையாடிய நம் பாட்டன்மாரை எண்ணிப் பாருங்கள். அந்த விளையாட்டின் சட்டங்களை யார் வகுத்தார் என்று எவருக்கும் தெரியாது. அதனால் எவரும் பணம் சம்பாதிக்கவுமில்லை. இருள் வந்தால் ஆட்டம் முடிந்துவிடும். கணினி விளையாட்டிலோ, சட்டம் வகுப்பவர் ஒருவர் இருக்கிறார். எப்போது வெற்றி தருவது, எப்போது தடுப்பது, எந்த நொடியில் பரிசைக் காட்டிப் பிள்ளையை இன்னும் ஒரு மணி நேரம் இருத்தி வைப்பது என்பதையெல்லாம் அவரே தீர்மானிக்கிறார். அந்தச் சிறிய உலகத்துக்கு அவரே சட்டகர்த்தா. சட்டம் வகுப்பவன் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும்.

இதைச் சிலாவத்துறை மக்களுக்கு விளக்குவது எளிது. சலாபத்துறை என்பதே சிலாவத்துறை ஆயிற்று என்பார்கள். ஊருக்கும் அரிப்புக்கும் எதிரே கடலடியில் முத்துப் பார்கள் கிடக்கின்றன. பிரித்தானியர் காலத்தில் சலாபம் நடைபெறும் ஆண்டுகளில், இக்கரையோரத்து வெறுமணலில் சில நாட்களுக்குள் ஒரு பட்டணமே எழும்பிவிடும். 1906 இல் மரிச்சுக்கட்டியில் நடந்த சலாபத்தில் கடமையாற்றிய அரசாங்க உத்தியோகத்தர் லெனாட் வூல்ஃப் அதைப் பற்றிப் பின்னர் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கல்லிலே கால் வைத்து, மூச்சை அடக்கிக் கடலுள் இறங்கியவர்கள் அள்ளிவந்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு. மற்ற இரு பங்கும் அரசாங்கத்துக்கு. அரசாங்கப் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போகும். கவனியுங்கள்: விற்கப்பட்டவை திறக்காத சிப்பிகள்! உள்ளே முத்து இருக்கலாம். அழுகிய சதை மட்டுமே இருக்கலாம். கைப்பணம் குறைந்தவர்களும் சில சிப்பிகளை வாங்கித் தங்கள் அதிர்ஷ்டத்தைச் சோதித்தார்கள்.

இன்றைய கணினி விளையாட்டுகள் பலவற்றில் இதே திறக்காத சிப்பி இருக்கிறது. ‘லூட் பொக்ஸ்’ என்று அதற்குப் பெயர். பிள்ளை பணம் கொடுத்து மூடிய பெட்டி ஒன்றை வாங்குகிறான். திறந்தால் அரிய வாள் வரலாம். ஒன்றுக்கும் உதவாத தொப்பியும் வரலாம். சலாபக்காரன் செய்ததைத்தானே இவனும் செய்கிறான் என்று கேட்பீர்கள். இல்லை, வேறுபாடு உண்டு. சிப்பிக்குள் முத்தை வைத்தது கடல். விற்றவனுக்கும் உள்ளே இருப்பது தெரியாது. வாங்கியவன் துணிந்து இறங்கிய வளர்ந்த மனிதன். இங்கோ, எத்தனை பெட்டிக்கு ஒரு முத்து என்பதை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தவன் விற்பவன். வாங்குபவன் பன்னிரண்டு வயதுச் சிறுவன். ஒருவன் அறிந்தும் மற்றவன் அறியாமலும் ஆடும் ஆட்டம் நீதியானதா?

உலகம் இதைக் கவனியாமல் இல்லை. 2018 இல் பெல்ஜியம் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று தீர்மானித்தது. 2022 டிசம்பரில், ‘ஃபோட்நைட்’ விளையாட்டை நடத்தும் எபிக் கேம்ஸ் நிறுவனம் 52 கோடி டொலர் செலுத்த இணங்கியதாக ஐக்கிய அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு அறிவித்தது. அதில் 27.5 கோடி, சிறுவரின் அந்தரங்கத் தகவல் தொடர்பான சட்டத்தை மீறியதற்காக. 24.5 கோடி, விளையாடுவோர் தம்மையறியாமலே பொருள் வாங்கிவிடும்படி பொத்தான்களை அமைத்ததற்காக. அந்தப் பொத்தானை அங்கே வைத்ததும் எங்கோ பட்டம் பெற்ற ஒரு வடிவமைப்பாளரின் கைதானே! கட்டுக்கடங்காமல் விளையாடும் நிலையை உலக சுகாதார நிறுவனமும் நோய்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2019 இல் ஏற்கப்பட்ட அப்பட்டியல் 2022 முதல் நடைமுறையில் உள்ளது.

“அப்படியானால் பையனைத் தடுத்துவிடலாமே, சுவாமி?” என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். கத்தி ஆளைக் குத்தும் என்பதற்காகக் கொல்லனை ஊரைவிட்டு ஓட்டுவதில்லை.

1958 இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில், பார்வையாளர் மகிழ்வதற்காகச் சிறிய திரையொன்றில் டென்னிஸ் விளையாட்டை அமைத்தார் வில்லியம் ஹிகின்பொதம் என்ற விஞ்ஞானி. கணினி விளையாட்டின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. அதே மனிதர் போர்க்காலத்தில் அணுகுண்டுக்கான மின்னணுக் கருவிகளில் வேலை செய்தவர்; பின்னர் அணுவாயுதப் பரவலைத் தடுக்க உழைத்தவர். ஒரே கல்வி, ஒரே கை. அறிவு எப்பக்கம் திரும்புகிறது என்பதை மனச்சாட்சியே தீர்மானிக்கிறது.

போரைக் காட்டும் விளையாட்டுகளையே எடுத்துக்கொள்வோம். நம் மக்கள் போர் அறியாதவர்கள் அல்லர். 1990 இல் முஸ்லிம் சகோதரர்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது இப்பிரதேசமும் வெறுமையாயிற்று. 2007 இல் இராணுவம் சிலாவத்துறையைக் கைப்பற்றியபோது மக்கள் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். துப்பாக்கி என்பது இங்கே விளையாட்டுச் சாமான் அன்று. ஆனால் 2014 இல் போலந்து நாட்டவர் ‘திஸ் வார் ஒஃப் மைன்’ என்றொரு விளையாட்டை வெளியிட்டார்கள். அதில் நாம் போர்வீரன் அல்லன். முற்றுகையிடப்பட்ட நகரில் மருந்துக்கும் உணவுக்கும் அலையும் சாதாரண குடிமகன். சரயேவோ முற்றுகையை நினைவில் வைத்துச் செய்யப்பட்ட அது, கொல்வதன் இன்பத்தைக் காட்டாமல், உயிரோடிருப்பதன் துன்பத்தைக் காட்டுகிறது. 2020 இல் போலந்து அரசு அதை உயர்நிலைப் பள்ளிகளுக்கான பரிந்துரைப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. முசலியில் பிறந்த ஒரு பிள்ளை இப்படியொன்றைச் செய்தால் உலகம் கேட்கத்தானே செய்யும்?

நம்மவர் செய்த ஒன்றும் உண்டு. 2023 இல் கனடாவின் ரொறன்ரோவிலிருந்து ‘வெண்பா’ என்ற விளையாட்டு வெளியானது. ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய குழுவினர் அதைச் செய்தார்கள். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்த் தாய் ஒருத்தி, சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்டலி முதலியன சமைப்பதே ஆட்டம். மகன் மெல்ல மெல்லத் தாய்மொழியை விட்டு விலகுவதே கதை. வெல்லவோ கொல்லவோ அதில் எவருமில்லை. 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வழங்கியது. தாயின் அடுப்படியே உலகின் மேடைக்குப் போயிற்று!

ஆகவே, தொழில் நல்லது. அதற்குள் கண்ணியும் உண்டு. இனி வருவதே கடினமான இடம். வேலைக்குச் சேர்ந்த இளைஞனிடம் மேலாளர், “அந்தப் பெட்டியைச் செய்” என்கிறார். “நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்வான்” என்று அவன் தன்னைத் தேற்றிக்கொள்ளலாமா? பிறர் செய்யும் தீமையில் பங்குகொள்வதைப் பற்றி நம் ஒழுக்க இறையியல் நுணுக்கமாகவே பேசுகிறது. அதே விளையாட்டில் மரங்களைத் தீட்டுபவனும் குழந்தையின் பலவீனத்தைக் கணக்கிட்டுப் பொறி வைப்பவனும் ஒரே அளவு பொறுப்பாளிகள் அல்லர். முன்னவனின் பங்கு தூரத்தது. பின்னவன் தன் கையாலேயே தீங்கை இழைக்கிறான்; இன்னொருவன் செய்வான் என்பது அவன் செய்ததை மாற்றிவிடாது. 1963 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி வெளியிட்ட விதித்தொகுப்பும், முதன்மையான ஒழுக்கப் பொறுப்பை எழுதுவோர், வடிவமைப்போர், தயாரிப்போர் ஆகியோர்மீதே வைக்கிறது.

பெற்றோரே, இங்கே உங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. “மாட்டேன்” என்று சொல்லும் துணிவு வெறும் மனவலிமையால் மட்டும் வருவதில்லை. தங்கையின் நகையை அடகு வைத்து, படகையும் ஈடு வைத்துப் படிப்பித்த பிள்ளை எப்படி “மாட்டேன்” என்பான்? கடன் அவன் வாயைக் கட்டிவிடும். இத்துறையில் வேலையும் நிலையானதன்று. 2024 ஜனவரியில் மைக்ரோசொஃப்ட் நிறுவனம் தன் விளையாட்டுப் பிரிவில் மட்டும் 1,900 பேரை நீக்கியது. ஆகவே பெருங் காசு கட்டும் பட்டத்துக்கு முன், அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வியை நாடுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கான ஒதுக்கீடு மன்னாருக்கும் உண்டு. கணினி விஞ்ஞானம் கற்றவனுக்கு விளையாட்டுத் துறையின் கதவும் திறக்கும். அது மூடினால் வேறு கதவுகளும் திறக்கும்.

இளைஞனே, உனக்கும் ஒரு சொல். நீ செய்யும் விளையாட்டைப் பற்றி உன்னையே மூன்று கேள்விகள் கேள். இதை விளையாடும் பிள்ளைக்கு உண்மை சொல்லப்படுகிறதா? அவன் நிறுத்த நினைக்கும்போது நிறுத்த முடிகிறதா? விளையாடி எழுந்தபின் தன் தாயோடும் அயலானோடும் வாழ அவன் இன்னும் சற்றுத் தகுதி பெற்றிருப்பானா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று சொல்ல முடிந்தால் தலைநிமிர்ந்து செய்.

அந்தத் தாயிடம் இவ்வளவையும் நாம் சொல்லவில்லை. “மகனை உங்கள் முன் இருத்தி, தான் செய்ய நினைக்கும் விளையாட்டை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள், அம்மா. உங்களுக்கு விளங்கும்படி கூச்சமின்றிச் சொல்ல முடிந்தால் பயப்பட வேண்டாம்” என்றுமட்டும் சொன்னோம். அடுத்த ஞாயிறு அவர் மீண்டும் வந்தார். “சலாபத்தைப் பற்றி ஒரு விளையாட்டாம், சுவாமி. மூச்சை அடக்கிறவன்ர கதையாம். என்ர அப்பாவின்ர அப்பா குளிக்கப் போன கதையைக் கேட்டுக் கேட்டு எழுதுறான்” என்றார். முகத்தில் கவலை முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

வாசகரே, உங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு தொடங்கட்டும்.