ரசிகனின் தருமம்

கருமத்தைச் செய்க, பலனில் பற்று வையற்க என்று கீதை போதிப்பது வில்லேந்திய அருச்சுனனுக்கு. செயலில் எள்ளளவும் பங்கின்றிப் பலனை மட்டுமே விரும்பி நிற்கும் கால்பந்து ரசிகனுக்கு எந்தத் தருமம் பொருந்தும்? சாகுபுரத்தில் வாழ்ந்து, அண்டையிலுள்ள காயல்பட்டினத்தில் மௌலானா ஆசாத் நினைவுக் கோப்பைப் பந்தயங்களைக் கண்டு வளர்ந்த எம்போன்றோர்க்கு இது வெறும் ஏட்டு விசாரமன்று.

2019 மார்ச் 9ஆம் நாள் கோயம்புத்தூரில், நாங்கள் பற்று வைத்த சென்னை சிட்டி அணி, தொடக்கத்திலேயே ஒரு கோல் வாங்கிப் பின்தங்கியும் மனந்தளராது, மினர்வா பஞ்சாபை 3–1 என வென்று, 43 புள்ளிகளோடு, ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியால் முந்தி ஐ-லீக் பட்டம் சூடியது. அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்த பெட்ரோ மான்சியையே நாங்கள் ஓயாது துதித்திருந்தோம். அன்றோ தற்காப்பு வீரரான கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். மறு பருவத்தின் நடுவிலேயே மான்சி ஜப்பான் சென்றார். அந்த அணியைப் பற்றி நாங்கள் வளர்த்த மனோரதங்களும் நிலைக்கவில்லை.

ஆயினும் அந்தப் பற்று வீணென்று நான் கருதேன். தனக்கு யாதொரு இலாபமும் இல்லாத வெற்றிக்காகப் பிறரோடு சேர்ந்து ஏங்குகின்றவன், தன் அகங்காரத்தைச் சிறிதேனும் கரைக்கின்றான். புகழ் பெறாத உழைப்பையும் நேர்மையோடு மதித்தல், தோற்ற வீரனை நிந்தியாதிருத்தல், வென்ற எதிரியை வாழ்த்துதல் ஆகிய மூன்றுமே அவனுக்கு விதிக்கப்பட்ட கருமம். அவற்றைச் செய்கின்றவனுக்கு ஆசையும் ஒரு சாதனையே ஆகும்.