அணைந்த விளக்கும் ஆறாத பழுதும்

ஓர் எச்சரிக்கையை நீக்கும் உரிமை மனிதனுக்கு எப்பொழுது உண்டாகின்றது? அறவியலுக்குரிய இவ்வினா இன்று வன்னியின் வீட்டு முற்றங்களிலே மிக எளிய உருவில் எழுகின்றது. வாகனத்தின் முகப்பிலே மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகின்றது. உரிமையாளர் பற்றறி இணைப்பைச் சிறிது நேரம் கழற்றி மீண்டும் பூட்டுகின்றார்; அல்லது கையடக்கக் கருவியொன்றைச் செருகிப் பொத்தானை அழுத்துகின்றார். விளக்கு அணைகின்றது. பழுது அகன்றதா?

பொருளாதாரத் தடை நிலவிய 1990களில் வன்னியில் ஓடிய வாகனங்களில் இவ்விளக்கு இருக்கவில்லை. சில துளி பெற்றோலிலே உயிர்பெற்று மண்ணெண்ணெயிலே ஓடிய அவ்வியந்திரங்களின் குறையை ஓட்டுநரின் செவியும் மூக்குமே அறிந்தன. அங்கே அறிகுறி பழுதிலிருந்து பிரிக்கவொண்ணாதது. சத்தத்தை நீக்க விரும்பியவன் அதன் காரணத்தையே நீக்க வேண்டியிருந்தது. கணினி வந்த பின்னரே பழுது ஓரிடத்திலும் அதன் அறிகுறி பிறிதோரிடத்திலும் அமைந்தன. ஒன்றை விட்டு மற்றொன்றை அழித்தல் இயல்வதாயிற்று. பொய்க்கும் அவ்விடைவெளியிலே இடங்கிடைத்தது.

விளக்கு எரியும்போது கணினி ஒரு குறியீட்டையும், பழுது தோன்றிய கணத்தில் எஞ்சின் இருந்த நிலையையும் பதிந்து வைக்கின்றது. எரிபொருட் தாங்கியின் மூடி இறுகாமையும் காரணமாகலாம். சிலிண்டரில் எரிபொருள் சரிவர எரியாமையும் காரணமாகலாம். பின்னையதாயின், எரியாத எரிபொருள் புகைவழியில் உள்ள வினையூக்கி மாற்றியைச் சென்றடைந்து அதனையே பாழாக்கும். பழுதைத் திருத்திய பின் பதிவை அழித்தல் முறையே. திருத்தாமல் அழிப்பின், விளக்கு அணைவதோடு திருத்துவோனுக்கு உதவக்கூடிய சாட்சியமும் அழிகின்றது. பழுது நிலைத்திருப்பின் சில பயணங்களின் பின் விளக்கு மீண்டும் எரியும்.

வறுமையை மறந்து அறம் பேசுதல் எளிது. 2020இல் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025இலேதான் வழி திறந்தது. அவ்வாண்டுகளிற் பழைய வாகனங்களே உழைத்தன. உதிரிப்பாகங்களின் விலையோ ஏறியது. கையிற் பணமில்லாதவன் திருத்தத்தைப் பிற்போடுதல் குற்றமன்று. எரியும் விளக்கோடு மெல்ல ஓட்டிச் செல்பவன் தன் கடனை ஒப்புக்கொள்கின்றான். அவ்விளக்கை அணைத்து வாகனத்தை விற்பவனோ, வாங்குவோன் அறிய வேண்டியதைத் திருடுகின்றான். பிற்போடுதல் வேறு, மறைத்தல் வேறு.

இவ்வேறுபாட்டை வன்னி மண் வேறொரு வழியாலும் அறியும். 2009இன் பின் கிளிநொச்சி மாவட்டத்து முகமாலையிலே கண்ணிவெடிகள் அகற்றப்பட்டன. அங்கே மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நெடுங்காலம் நின்றன. காணிக்குத் திரும்பக் காத்திருந்தோருக்கு அவை இனிய காட்சியல்ல. எனினும் நிலம் துப்புரவாக்கப்பட்டு உறுதிசெய்யப்படும் வரை அப்பலகைகளை எடுத்தல் தகாது. வெடியிருக்கப் பலகையைப் பிடுங்குபவனை எவரும் நிலத்தை மீட்டவன் என்னார். எச்சரிக்கையை நீக்கும் உரிமை, ஆபத்தை நீக்கியவனுக்கே உரியது.