புகழ்ச்சியா, நன்றியா?

ஆற்றல் குன்றும் வயதிலும் ஓர் ஆட்டக்காரரை மக்கள் கொண்டாடுவது ஏன்? ஆஸ்திரேலிய முறைக் கால்பந்தாட்டத்தில், மெல்போர்ன் நகரின் செயின்ட் கில்டா அணி ஒன்றுக்கே 1988 முதல் 2008 வரை 383 ஆட்டங்கள் ஆடியவர் ராபர்ட் ஹார்வி. தலைசிறந்த ஆட்டக்காரருக்குரிய பிரவுன்லோ பதக்கத்தை 1997, 1998 ஆகிய ஈராண்டும் வென்றார். அணிக்குரிய வாகைக் கிண்ணமோ அவருக்கு ஒருமுறையேனும் கைகூடவில்லை. 1966-க்குப் பின் அவ்வணி அதைக் கண்டதேயில்லை. ஆயினும் 37 வயதில் விடைபெறவிருந்த அவரை ரசிகர்கள் உளமாரப் போற்றினர்.

அறபு மொழியில் மத்ஹு என்பது புகழ்ச்சி. ஷுக்ரு என்பது நன்றியறிதல். முன்னது திறமையைக் கண்டு எழுவது, பின்னது பெற்றதை நினைந்து எழுவது. ரசிகர் நெஞ்சில் இருந்தது ஷுக்ரு என்றே நாம் கொள்கிறோம். தோற்ற வாரத்தை அடுத்த வாரமும் அவர் களத்தில் ஓடினாரே, அதுதான் அவர்கள் பெற்றது. கொடுத்தவர் முதுமையடைந்தார் என்று கடன்பட்டவர் கணக்கை மூடிவிடுவதுண்டா?